"அது தூங்கல, அக்கா": கோலாலம்பூர் ரசிகர் விழாவுக்கு வந்த ஒரு கூகை (நிகழ்வு ஆய்வு)

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. கோலாலம்பூரில் ஒரு மண்டபம், உள்ளே அனிமே, காமிக்ஸ், கேம் ரசிகர்களின் இரண்டு நாள் விழா. மந்திரப் பள்ளி அங்கி போட்ட பிள்ளைகள், ஃபோம் வாள் தூக்கிய கோஸ்பிளே இளைஞர்கள், மேடையில் பாட்டு ஒத்திகை. நடு வரிசையில் ஒரு பூத்துக்கு முன்னால் மட்டும் கூட்டம் கலையவே இல்லை. அங்கே மரத்தாங்கி ஒன்றில், காலில் தோல்வாரோடு, ஒரு கூகை, அதாவது இதய வடிவ முகமுள்ள ஆந்தை, உட்கார்ந்திருந்தது. உறை மாட்டிய கையில் அதை ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்).

அந்தப் பூத்துக்குச் சரி சொன்னது நான். கடைகளை ஒதுக்கும் பொறுப்பு அந்த ஆண்டு என்னிடம் இருந்தது. விழாவின் பெயரையும் கூகையைக் கொண்டுவந்தவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. யாரையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதற்காக இதை எழுதவில்லை. கொடுமைக்காரர் என்று ஒருவர்கூட இல்லாத இடத்தில் ஓர் உயிர் எப்படி இரண்டு நாள் வதைபட்டது என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த ஊரில் விழா நடத்தும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒருநாள் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு கேள்வி வரும்.

எப்படி உள்ளே வந்தது

எங்கள் கடை விண்ணப்பத்தில் கேள்விகளுக்குக் குறைவில்லை. எத்தனை மேசை, மின்சாரம் வேண்டுமா, விற்பது சொந்த வரைகலையா, உணவு இருக்கிறதா, தீப்பிடிக்கும் பொருள் உண்டா. உயிருள்ள எதையாவது கொண்டுவருகிறீர்களா என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கூகையைக் கொண்டுவந்தவர் நேர்மையாகத்தான் கேட்டார். மரச்சாமான், மந்திரக்கோல், தோல் பை செய்து விற்கிறவர். "தங்கச்சி, என்கிட்ட ஒரு கூகை இருக்கு. கொண்டு வரவா? பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். வர்ற காசுல பாதி பூனைக் காப்பகத்துக்குக் கொடுத்திடலாம்" என்று எழுதினார். நான் அதைக் குழுவில் போட்டேன். பத்து நிமிடம் பேச்சு நடந்தது. மண்டபத்தில் விடுவார்களா என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளைக் கொத்திவிடுமா என்று இன்னொருவர். எச்சம் போட்டால் யார் துடைப்பது என்று மூன்றாமவர். உரிமம் இருக்கிறதா என்றும் ஒருவர் கேட்டார். இருக்கிறது என்று பதில் வந்தது. காட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த உரையாடலை இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கேட்ட கேள்விகள் எல்லாமே மண்டபத்தைப் பற்றியவை, மனிதர்களைப் பற்றியவை, பெயர் கெடாமல் இருப்பதைப் பற்றியவை. அந்தப் பறவைக்கு இது எப்படி இருக்கும் என்று ஏழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பூனைக் காப்பகத்துக்குக் காசு என்ற சொல் வந்ததுமே நல்ல காரியம் என்று மனசு தீர்மானித்துவிட்டது. ஒரு விலங்குக்கு நன்மை செய்கிறோம் என்ற நினைப்பில் இன்னொரு விலங்கைப் பார்க்காமல் விட்டோம்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். செம்பனை மரங்களுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயதானால் வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அப்படி ஒரு மறுநடவின்போது கீழே விழுந்து கிடந்த கூட்டுப் பெட்டியில் (கூகை தங்கத் தோட்டத்தில் வைக்கும் பெட்டி) இந்தக் குஞ்சைக் கண்டெடுத்ததாகச் சொன்னார். கையாலேயே ஊட்டி வளர்த்திருக்கிறார். அதைக் 'குட்டி' என்று கூப்பிடுவார். அதன் தலையை ஒற்றை விரலால் தடவும்போது அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். அந்தப் பாசம் பொய்யில்லை. இந்த நிகழ்வில் எனக்குப் பிடிபட நாளான விஷயமும் அதுதான்: அவ்வளவு பாசமும் பறவையை அந்த மண்டபத்திலிருந்து காப்பாற்றவில்லை.

முதல் நாள்

காலை பத்து மணிக்குக் கதவு திறந்தோம். பதினொன்றுக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை நான் அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்தேன். எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "எவ்வளவு அமைதியா இருக்கு பாரேன்." நானும் சொன்னேன். கண்ணைப் பாதி மூடி, இறகை உடம்போடு ஒட்டி, அசையாமல் நின்றது. தூங்கி வழிகிற கிழவரைப் போல இருக்கிறது என்று ஒரு அம்மா சிரித்தார். நடுநடுவே அதன் தொண்டை மட்டும் வேகமாகத் துடித்தது. "பாட்டு கேட்டு ஆடுது" என்றான் ஒரு பையன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளை, நீல விக்கும் பாதி அழிந்த மேக்கப்புமாக. "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பூத்துக்குப் பத்தடி தள்ளி நின்று காதருகே சொன்னாள்:

"அது தூங்கல, அக்கா. பயத்துல உறைஞ்சு நிக்குது. தொண்டை துடிக்குது பாருங்க, அது பாட்டு இல்ல. சூடும் பயமும் தாங்காம மூச்சு வாங்குது."

அதற்கப்புறம் பார்த்தபோது அது வேறு பறவையாகத் தெரிந்தது. அரைமணி முன்பு வரை 'அமைதி' என்று நான் சொன்ன அதே கண், அதே ஒட்டிய இறகு.

அந்த நேரத்தில் பூத்தை மூடியிருக்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. குழுத் தலைவர்கள் கூடிப் பேசி ஒரு பாதி வழி கண்டுபிடித்தோம். பூத்தை மேடையிலிருந்து தள்ளி, சரக்கு இறக்கும் கதவுப் பக்கம் மாற்றினோம். ஃபிளாஷ் கூடாது என்று எழுதி ஒட்டினோம். மணிக்கு இருபது நிமிடம் ஓய்வு என்று விதி வைத்தோம். ஓய்வு என்றால் ஒரு கறுப்புத் துணியைத் தாங்கி மேல் போர்த்துவது. துணிக்கு வெளியே அதே மைக், அதே டிரம்ஸ், அதே ஆயிரம் குரல். கதவு திறக்கும்போதெல்லாம் லாரிப் புகையும் வெளி வெக்கையும் உள்ளே அடித்தன. அந்த மூலைக்கு மாற்றியது அதற்கு உதவியதா, இன்னும் கெடுத்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

பாதி வழியைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம் பறவை அல்ல. கட்டணம் வாங்கிவிட்டோம், அறிவிப்புப் படத்தில் கூகையைப் பெரிதாகப் போட்டுவிட்டோம், அவர் கிள்ளானிலிருந்து வேன் வாடகை கொடுத்து வந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

இரண்டாம் நாள்

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு முன்பாக மேடையில் பரிசு அறிவித்தார்கள். காகிதத்தூள் வெடி ஒன்று 'டம்' என்று வெடித்தது. கூட்டம் கத்தியது. அப்போது கூகை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கையில் இருந்தது. எழும்பிப் பறக்கப் பார்த்தது. தோல்வார் இழுத்துப் பிடிக்க, தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது. வேட்டைப் பறவை பழக்குகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சி, கையிலிருந்து தாவி விழுந்தால் தூக்கி மறுபடி உட்காரவைப்பார்கள். அவரும் அப்படியே செய்தார். மறுபடி விழுந்தது. மறுபடி வைத்தார். மூன்றாவது முறை விழுந்தபோது அது சத்தம் போட்டது. கூகையின் கத்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், துணியைக் கிழிப்பது போன்ற நீண்ட கீச்சு.

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் வீடியோ எடுத்தார்கள். அந்தச் சிறுமி அழுதாள்.

நான் போய், "அண்ணே, போதும். மூடிடலாம்" என்றேன். அவர் கோபத்தில் நடுங்கினார். "நீங்கதானே சரின்னு சொன்னீங்க? நேத்து வரிசை நின்னப்ப நல்லா இருந்துச்சு, இன்னிக்கு நான் குத்தவாளியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்டணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தோம். பெட்டியில் வைத்து மூடி வேனுக்குக் கொண்டுபோகும்போது ஒரு சிறகிறகு தரையில் கிடந்தது. ஒரு பிள்ளை ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை குழுவில் இருவர் பெர்ஹிலித்தானுக்கு, அதாவது வனவிலங்குத் துறைக்கு, தகவல் சொன்னோம். வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அந்த இரண்டு நாளே வந்திருக்காது. அவர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அவர் மனசு புரிகிறது.

எது அமைதி

இந்த நிகழ்வின் மையம் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கூகையின் முகம் தட்டையான இதயம் போல இருக்கிறதே, அது வெறும் அழகுக்கு இல்லை. சத்தத்தை அள்ளிச் செவிக்கு அனுப்பும் தட்டு அது. செவித் துளைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மேலே, மற்றது சற்றுக் கீழே. சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதை அந்த வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடிக்கும். ரோஜர் பெய்ன், திமிங்கிலப் பாட்டுக்காக உலகம் அறிந்த அதே ஆய்வாளர், அதற்கு முன் கூகையைத்தான் ஆராய்ந்தார். கையையே பார்க்க முடியாத இருட்டறையில், சருகுக்குள் ஓடும் எலியைக் காதை மட்டும் நம்பி அது பிடிக்கும் என்று காட்டினார். அப்படிப்பட்ட காதை நாங்கள் ஒலிபெருக்கிக்கு நாற்பதடியில் கொண்டுபோய் வைத்தோம். மனிதரான எங்களுக்கே அன்று மாலை காது ரீங்காரமிட்டது.

கண்ணும் அப்படித்தான். நம் கண்போல அது குழிக்குள் உருளாது. பார்வையைத் திருப்ப வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். அதற்காகத்தான் 270 பாகை வரை திரும்பும் கழுத்து. மண்டபத்தில் அது தலையை அங்குமிங்கும் திருப்பியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒவ்வொரு திருப்பமும் எங்கிருந்து ஆபத்து வருகிறது என்ற தேடல். கைதட்டக் கைதட்ட அது இன்னும் திருப்பியது.

அப்புறம் அந்த உறைநிலை. பகலில் கண்டுபிடிக்கப்பட்ட ஆந்தைக்கு முதல் பாதுகாப்பு அசையாமல் இருப்பதுதான். உடம்பை ஒடுக்கி, கண்ணை இடுக்கி, மரத்தோடு மரமாக நிற்கும். கூகைக் குஞ்சைக் கையில் பிடித்தால் செத்ததுபோலக் கிடப்பதும் உண்டு. பயந்தால் ஓடும், கத்தும் என்பது நம்மைப் போன்ற விலங்குகளைப் பார்த்து நாம் கற்றது. நாய் பயந்தால் தெரியும், பூனை பயந்தால் தெரியும். பறவையும் ஊர்வனவும் பயத்தை வேறு மொழியில் எழுதுகின்றன. விழாக்களிலும் செல்லப்பிராணிக் கண்காட்சிகளிலும் தோளில் போட்டுப் படம் எடுக்கும் பந்து மலைப்பாம்பு இதற்கு நல்ல உதாரணம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டு பந்தாகிவிடும், பெயரே அதனால்தான். அதைப் பார்த்து "சாது, கடிக்காது" என்கிறோம்.

நம் காட்டுக்குச் சொந்தமான தேவாங்கின் கதை இதைவிட மோசம். மலாயில் கொங்காங் என்பார்கள். அதற்குக் கிச்சுகிச்சு மூட்டும்போது கையை மேலே தூக்கும் வீடியோ ஒன்றை உலகமே பார்த்துச் சிரித்தது. இன்னும் கிச்சுகிச்சு மூட்டு என்று கேட்பது போலத்தான் இருக்கும். உண்மையில் அதன் முழங்கைப் பக்கத்தில் நச்சுச் சுரப்பி இருக்கிறது. கையைத் தூக்குவது அந்த நச்சை வாயருகே கொண்டுவரும் தற்காப்பு. அந்த வீடியோவுக்கு வந்த பின்னூட்டங்களையே ஒரு ஆய்வுக் குழு எடுத்து ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டது. "எனக்கும் ஒன்று வேண்டும்" என்று எழுதியவர்கள் ஏராளம். இந்த வகைத் தேவாங்குகளின் பன்னாட்டு வணிகம் 2007-இலேயே, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் மிகக் கடுமையான பட்டியலுக்குப் போய்விட்டது. ஆசைக்கு அந்தப் பட்டியல் தெரியாது.

எங்கள் விழாவில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ரசிகர் விழா என்பதே ஆசையைப் பெருக்கும் இடம். பிடித்த கதையின் உலகத்துக்குள் இரண்டு நாள் வாழ்வதற்காகத்தான் வருகிறோம். ஹாரி பாட்டர் கதையில் ஆந்தை கடிதம் கொண்டுவரும், தோளில் உட்காரும், எஜமானைப் புரிந்துகொள்ளும். அந்த உலகத்துக்கு வந்தவர்கள் முன்னால் உண்மை ஆந்தையை வைத்தால் அவர்கள் பார்ப்பது கதை ஆந்தையை.

ஆசை சந்தையாக மாறுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தோனேசியாவின் ஜாவா, பாலி பறவைச் சந்தைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்த ஆய்வாளர்கள் நைமன், நெக்காரிஸ் இருவரும் 2017-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்பு அந்தச் சந்தைகளில் ஆந்தையைப் பார்ப்பதே அரிது. பிறகு பெருகிவிட்டது. 'புருங் ஹந்து', அதாவது பேய்ப் பறவை, என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 'புருங் ஹாரி பாட்டர்' என்று சொல்லத் தொடங்கினார்கள். கதைதான் முழுக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இணையமும் செல்லப்பிராணிக் குழுக்களும் சேர்ந்தே வளர்ந்தன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனில் அப்படியொரு விளைவுக்குச் சான்று இல்லை என்று அதே ஆண்டு வேறொரு குழு சொன்னது. நம் நிலைமை பிரிட்டனுக்கு அருகிலா, ஜாவாவுக்கு அருகிலா என்று கேட்டால், சந்தையும் மொழியும் பழக்கமும் ஜாவாவுக்குத்தான் அருகில். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள்ளேயே "கூகை எங்கே வாங்கலாம்?" என்று எங்கள் பக்கத்துக்கு மூன்று பேர் எழுதிக் கேட்டார்கள்.

சட்டத்தில் இருப்பது

நீட்டாமல் சொல்கிறேன். மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1. அதன் 24-ஆம் பிரிவு விலங்கை வைத்திருப்பவரின் கடமைகளைச் சொல்கிறது: தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, தேவைப்படி மற்ற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைத்தல், வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு. கொடுமை செய்தால் 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதைத் தவிர வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது, 2022-இல் தண்டனைகளைக் கூட்டித் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட வனவிலங்கை வைத்திருக்கவும் காட்சிக்கு வைக்கவும் அனுமதி வேண்டும். ஆந்தை இனம் முழுவதுமே சைட்டிஸ் பட்டியலில் உள்ளது. "காப்பாற்றினேன், வளர்த்தேன்" என்பது அனுமதி ஆகாது. விழுந்த குஞ்சைக் கண்டால் துறைக்குச் சொல்வதுதான் வழி. இதெல்லாம் தெரியாது என்று நாங்கள் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள ஒரு மாலை போதும்.

ஆனால் ஒரு சங்கதி. அவரிடம் எல்லாத் தாளும் சரியாக இருந்திருந்தால்? அப்போதும் அந்த வெடி வெடித்திருக்கும், அது தலைகீழாகத் தொங்கியிருக்கும். உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது எங்கள் கடமை, சந்தேகமில்லை. அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் அது தவறு.

பிறகு நடந்த வாதங்கள்

பூத்தை மூடிய செய்தி பரவியதும் எங்களுக்கு வந்த கேள்விகளில் பல நியாயமானவை.

"அப்போ மிருகக்காட்சி சாலைக்கு என்ன சொல்வீங்க?" உலு கிள்ளானில் உள்ள தேசிய மிருகக்காட்சி சாலை 1963 முதல் இருக்கிறது, நம்மில் பள்ளிச் சுற்றுலா போகாதவர் யார்? அதன்மேலும் விமர்சனங்கள் வைக்கலாம். ஆனால் அங்கே கூண்டின் குறைந்தபட்ச அளவு முதல் மருத்துவம் வரை 2012-இன் விதிமுறைகள் உண்டு. அதைவிட முக்கியம், நல்ல கூண்டில் விலங்கு நமக்கு முதுகு காட்டிப் போய் ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கும். டிக்கெட் வாங்கியும் புலியைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறோமே, அது ஒரு நல்ல அடையாளம். காலில் வார் கட்டிய கூகைக்கு அந்த வழி இல்லை. நான் இப்போது எந்தக் காட்சியைப் பார்த்தாலும் முதலில் தேடுவது அதைத்தான்: இதற்கு விலகிப்போக வழி இருக்கிறதா, விலகினால் விட்டுவிடுவார்களா?

"கிளி ஜோசியக்காரரை மட்டும் ஏன் விடுறீங்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர். ஜோசியக் கிளி எனக்குச் சின்ன வயது ஞாபகம். பாட்டியோடு பினாங்கு லிட்டில் இந்தியாவில் நின்று, அது சீட்டை இழுப்பதை வாய் பிளந்து பார்த்தேன். அதன் சிறகு வெட்டப்பட்டிருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயம். அதையும் விடக்கூடாது என்பதுதான் என் பதில். நம் பிள்ளைப் பருவத்து நினைவு இனிப்பாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கிளியின் கூண்டு பெரிதாகிவிடாது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலையும் சிலர் இழுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய சீனர் கோயில், விரியன் பாம்புகள் பீடத்தருகே கிளைகளில் படுத்திருக்கும். சுற்றிலும் காடு இருந்த காலத்தில் அவை தாமாக வந்து போயின. காடு குறையக் குறைய பாம்பும் குறைந்தது. தானாக வந்து தங்கிய உயிரை வணங்குவது ஒன்று. பணம் வாங்கி ஆளுக்கு ஆள் கழுத்தில் மாற்றிப் போடுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே கூடையில் போட எனக்கு மனமில்லை.

என்னைத் தடுமாற வைத்தது ஒரே ஒரு வாதம்தான். அந்தக் கூகை கையில் வளர்ந்தது, மனிதரை விட்டால் அதற்கு வேறு உலகமே தெரியாது என்று அவருடைய நண்பர் சொன்னார். உண்மையாக இருக்கலாம். மனிதரோடு பழகிய ஆந்தையைக் காட்டில் விட்டால் அது பிழைப்பது கஷ்டம். ஆனால் அதற்குத் தெரிந்த மனிதர் ஒருவர். அவர் கையில் அமைதியாக இருப்பதால் அறுநூறு அந்நியர் கையிலும் அமைதியாக இருக்கும் என்று எப்படி முடிவு செய்தோம்? வீட்டில் அப்பா தோளில் தூங்கும் குழந்தையை யாராவது சந்தையில் கைமாற்றிக் கொடுப்பார்களா?

பறவையை நேரில் காட்டினால் விழிப்புணர்வு வரும் என்ற வாதத்துக்கு நான் நேரம் செலவிடவில்லை. இரண்டு நாளும் அந்தப் பூத்தில் கூகையைப் பற்றி ஒரு வரி எழுதிவைத்திருக்கவில்லை, விலைப்பட்டியல் மட்டும் இருந்தது.

அப்பாவிடம் கேட்டது

இதெல்லாம் முடிந்த வாரத்தில் அப்பாவைப் பார்க்க ரவாங் போனேன். எழுபத்தொரு வயது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். சின்ன வயதில் எங்களுக்கு ஆந்தை என்றாலே பயம். இரவில் அலறினால் சாவு என்று பாட்டி கதவைச் சாத்துவார். தோட்டத்தில் அந்தப் பயத்தை மாற்றியது கூட்டுப் பெட்டிதான். எலி செம்பனைப் பழத்தைக் கடித்து நாசம் பண்ணும். விஷம் வைப்பதற்குப் பதிலாக உயரக் கம்பத்தில் பெட்டி வைத்துக் கூகையைக் குடியமர்த்தும் வழக்கம் பல தோட்டங்களில் வந்தது. செம்பனை பரவப் பரவ கூகையும் தீபகற்பத்தில் பரவியது. சாவுக்குருவி என்று கல்லெறிந்தவர்கள், பெட்டியில் குஞ்சு எத்தனை என்று எண்ணத் தொடங்கினார்கள்.

நடந்ததைச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அது ராத்திரி ஷிஃப்ட்டும்மா. பகல்ல எழுப்பக் கூடாதுன்னு எங்களுக்கு மண்டோரே சொல்லுவார்" என்றார். மண்டோர் என்றால் தோட்ட மேற்பார்வையாளர். கீழே கிடக்கும் உருண்டைகளைப் பற்றியும் அவர்தான் சொன்னார். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகக் கக்கிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே குவியலாகக் கிடக்கும்.

அடுத்த ஆண்டு

விண்ணப்பத்தில் இப்போது முதல் கேள்வியே உயிருள்ள எதையாவது கொண்டுவருகிறீர்களா என்பதுதான். ஆம் என்றால் அனுமதி இல்லை. வழிகாட்டி நாய்க்கு மட்டும் விலக்கு. விதி கடுமையாக இருக்கிறது என்று குழுவில் இருவர் சொன்னார்கள். நாய் பூனை தத்துக்கொடுக்கும் காப்பகங்களுக்கு வாய்ப்புப் போகிறதே என்ற அவர்கள் வருத்தம் எனக்கும் உண்டு. அவர்கள் படங்களோடும் பதிவுப் புத்தகத்தோடும் வரலாம், பிராணியைப் பார்க்கக் காப்பகத்துக்கே போகலாம் என்று முடிவு செய்தோம். அப்படி வந்த தத்து எண்ணிக்கை முன்பைவிடக் குறைவுதான். அந்த இழப்பை மறைக்க விரும்பவில்லை.

கூகை நின்ற இடத்தில் அந்த மருத்துவ மாணவி ஒரு மேசை போட்டாள். அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பொறுக்கித் தந்த உருண்டைகள், கிருமி போக அடுப்பில் சூடுபடுத்தியவை. கையுறை, இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு பழைய கூட்டுப் பெட்டி. காதுகளின் மட்டம் புரிய ஒரு விளையாட்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு, சருகுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கை காட்ட வேண்டும். எல்லாம் இலவசம். முந்தைய ஆண்டு வரிசையில் கால்வாசி கூட இல்லை. ஆனால் வந்தவர்கள் ஒரு நிமிடத்தில் போகவில்லை, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவை அங்கே உட்காரவைத்தோம். கழுத்தில் விழாவின் அட்டை, கையில் இடுக்கி. மந்திர அங்கி போட்ட ஒரு பையன் வந்து மேசையைச் சுற்றிப் பார்த்தான்.

"அங்கிள், ஆந்தை எங்க?"

"தோட்டத்துல. இப்போ தூங்கும்."

பையன் கொஞ்சம் ஏமாந்து போனான். அப்பா ஒரு உருண்டையை அவன் முன்னால் நகர்த்தி இடுக்கியைக் கொடுத்தார். மயிரைப் பிரித்து, பிரித்து, உள்ளிருந்து நகத்தளவு மண்டையோடு ஒன்றை வெளியே எடுத்தான். மஞ்சள் நிற முன்பற்கள் அப்படியே இருந்தன. "இன்னொன்னும் இருக்கு அங்கிள்" என்று குனிந்து மறுபடி தோண்ட ஆரம்பித்தான்.